மத்தியானத்தில் மட்டும் கேட்காத ரயில்

கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டி ஊதுவது விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுப் படுக்கை வரை வந்துவிடுகிறது. அதே யார்டு, அதே மாதிரி இன்ஜின், மத்தியானம் இரண்டு மணிக்கு ஊதினால் வருவதில்லை. தண்டையார்பேட்டையில் கடலோரமாகக் குடியிருக்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சொன்ன கையோடு காரணத்தையும் சொல்லிவிடுவார்கள்: "ராத்திரியில சத்தம் இல்ல, அதான் கேக்குது." எனக்கு இந்தப் பதில் ரொம்ப வருஷமாக உறுத்தலாகவே இருந்தது. பொய் என்று தள்ளிவிட முடியாது. பகலில் இங்கே கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும், ஷேர் ஆட்டோக்கள் கத்திக்கொண்டே போகும், பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் நடக்கும். அந்த இரைச்சலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஊதுவது அமுங்கிப்போவதில் ஆச்சரியமில்லை. ஆனால் பாதி சரியான பதிலோடு ஒரு சிக்கல் இருக்கிறது. முழுத் தப்பாக இருந்தால் யாராவது எதிர்த்துக் கேட்டிருப்பார்கள். பாதி சரி என்பதால் எல்லோரும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மீதிப் பாதியை யாரும் தேடுவதில்லை.

அந்த மீதிப் பாதி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, போகி. போகி விடியலில் எங்கள் தெருவில் அமைதி என்ற பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைகள் நாலு மணிக்கே போகி மேளத்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஆனாலும் அன்றைக்கு ரயில் மற்ற நாட்களைவிடத் தெளிவாகக் கேட்கும். இன்னொன்று, வியாசர்பாடியில் இருக்கும் என் சித்தி சொன்னது. அவர் வீட்டிலிருந்து துறைமுகம் நாலு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். "எங்களுக்குக் கப்பல் ஊதுறது சாயங்காலந்தான் கேக்கும். காத்தாட மாடியில உக்காந்தா அப்படியே வந்து விழும்," என்பார். சாயங்காலம் ஆறு மணிக்கு வியாசர்பாடி எப்படி இருக்கும் என்று வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சத்தத்தில் கப்பல் கேட்கிறது. ஊர் தூங்கும் விடியற்காலையில் அவருக்கு அது கேட்பதில்லை. எனக்கு நடப்பதற்கு அப்படியே தலைகீழ். அமைதிதான் காரணம் என்றால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அல்லவா கேட்க வேண்டும்?

நான் வீட்டிலேயே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். 'அலைகள்' பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியை அவர்கள் முன்னால் வைப்பேன். "சத்தம் இல்ல மிஸ்" என்றுதான் முதல் பதில் வரும். கொஞ்சம் யோசிக்கிற பிள்ளைகள் "காத்து அடிச்சிட்டுப் போயிடுது மிஸ்" என்பார்கள். இது முதல் பதிலைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் கணக்கில் நிற்காது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. மணிக்கு 1,250 கிலோமீட்டர். நம் ஊர்க் கடல்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலே சட்டை படபடக்கும். 1,250-ல் 20-ஐக் கழித்தால் 1,230. எதிர்க்காற்றில் ஒலி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வரலாமே தவிர, வராமல் போக முடியாது.

ஊர் அடங்கிய மத்தியானம்

2020 ஏப்ரலில் பொதுமுடக்கம். டியூஷனைப் போனில் நடத்திக்கொண்டிருந்தேன். பயணிகள் ரயில் இல்லை, பஸ் இல்லை, தெருவில் காக்கையும் போலீஸ் ஜீப்பும்தான். ஆனால் சரக்கு ரயில்கள் நிற்கவில்லை. நிலக்கரியும் அரிசியும் போய்க்கொண்டுதான் இருந்தன. கொருக்குப்பேட்டையில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருக்கும் மாணவன் ஒருவன் ஒருநாள் வகுப்பு நடுவில் கேட்டான்: "மிஸ், இப்போ ஊர்ல சத்தமே இல்ல. வண்டி மட்டும் போவுது. அப்போ உங்களுக்கு மத்தியானத்துலயும் கேக்கணும்ல?" அவனுக்கு அப்போது பதினாறு வயது. நான் எத்தனையோ வருஷம் சுற்றிச்சுற்றி வந்த கேள்விக்கு ஒரே வரியில் ஒரு சோதனையை வைத்துவிட்டான்.

சரி, செய்துபார்க்கலாம் என்று பேசிவைத்தோம். அவன் வீட்டு வாசலில் போனோடு நிற்பான். நான் எங்கள் மொட்டைமாடியில் போனை வலது காதில் வைத்துக்கொண்டு நிற்பேன். வண்டி அவனைத் தாண்டும்போது ஊதினால் போன் வழியாக எனக்கு உடனே கேட்கும். காற்று வழியாக அதே ஊதல் இரண்டு கிலோமீட்டர் கடந்து வர ஆறு நொடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். ஆகவே போனில் கேட்டதும் எண்ண ஆரம்பித்தால், ஆறில் இடது காதுக்கு வர வேண்டும்.

மத்தியானம் இரண்டரை மணி. மாடித் தரையில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. கிழக்கேயிருந்து கடல்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. கொடியில் கிடந்த துண்டு மேற்கே பார்த்துப் பறந்தது. போனில் வண்டியின் தடதடப்பு கேட்டது, அப்புறம் நீளமாக ஒரு ஹாரன். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு. பத்து வரை போனேன். எதிர்வீட்டுச் சமையலறையில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது, எங்கேயோ தண்ணீர் லாரி பம்ப்பின் சத்தம் கேட்டது, ரயில் கேட்கவில்லை. அவன் போனில் "வந்துச்சா மிஸ்? வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் திரும்பச் செய்தோம். போனில் ஊதல், ஐந்து எண்ணி ஆறு எண்ணுவதற்குள் மேற்கேயிருந்து அதே ஊதல், அதே நீளத்தில், ஏதோ தெருமுனையில் வண்டி நிற்பதுபோல வந்து சேர்ந்தது. அந்த வாரம் முழுக்க நேரத்தை மாற்றிமாற்றிச் செய்துபார்த்தோம். காலை எட்டு மணி வரை கேட்கும். ஒன்பது, பத்துக்கு மங்கும். கடல்காற்று ஏறியபிறகு கிடையாது.

ஊர் இரைச்சல் என்ற ஒன்றையே துடைத்து எடுத்துவிட்டபிறகும் மத்தியானத்தில் ரயில் கேட்கவில்லை. அப்படியென்றால் ஒலி என் காதுக்கு வந்து மற்றச் சத்தங்களில் அமுங்கவில்லை. அது என் மாடிக்கு வரவே இல்லை. எங்கே போனது என்பதுதான் அப்புறம் எங்களைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

மேலே போன ஒலி

திருவொற்றியூர்த் தேரை இழுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடப்பக்கத்து வடத்தைப் பிடித்தவர்கள் வேகமாகவும் வலப்பக்கத்தார் மெதுவாகவும் போனால் தேர் வலப்பக்கம் திரும்பும். எந்தப் பக்கம் பின்தங்குகிறதோ அந்தப் பக்கம் சாயும். ஒலி அலையும் இப்படித்தான். ஹாரனிலிருந்து கிளம்பும் அலைமுகம் தரையிலிருந்து உயரே வரை நிமிர்ந்து நிற்கிறது. அதன் அடிப்பகுதி ஒரு வேகத்திலும் மேல்பகுதி இன்னொரு வேகத்திலும் போனால், மெதுவாகப் போகிற பக்கமாக அது வளைந்துவிடும்.

பகலில் வெயில் தரையைச் சுட வைக்கிறது. தரை அதை ஒட்டிய காற்றைச் சுட வைக்கிறது. உயரே போகப்போகக் காற்று குளிர்கிறது. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். டிகிரிக்கு நொடிக்கு 0.61 மீட்டர் கூடும் என்று பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே அலையின் அடி வேகம், மேல் மெதுவு. அலை மேல்நோக்கி வளைகிறது. விடியற்காலையில் இது அப்படியே தலைகீழ். தரை இரவெல்லாம் சூட்டை இழந்து குளிர்ந்திருக்கும். அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகக் கீழே படிந்திருக்கும், அதற்கு மேலே உள்ள காற்று இதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். அடி மெதுவு, மேல் வேகம். மேலே போகப் பார்த்த ஒலியும் திரும்ப வளைந்து ஊருக்குள் இறங்குகிறது.

காற்று வீசுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் பிள்ளைகள் நினைக்கிற மாதிரி ஒலியைப் பிடித்துத் தள்ளி அல்ல. தரையை ஒட்டி வீசும் காற்றைக் கட்டடமும் மரமும் தடுத்து மெதுவாக்குகின்றன. உயரே அதே காற்று வேகமாக வீசுகிறது. கடல்காற்றை எதிர்த்து மேற்கிலிருந்து கிழக்கே வரும் ஒலியை மேலே உள்ள காற்று அதிகமாகத் தடுக்கிறது, கீழே உள்ளது குறைவாகத் தடுக்கிறது. மறுபடியும் மேல் மெதுவு, மறுபடியும் மேல்நோக்கி வளைவு. காற்றின் மொத்த வேகம் இங்கே பெரிதல்ல. அடிக்கும் மேலுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. எதிர்க்காற்றில் சத்தம் ஏன் மங்குகிறது என்பதற்கு இந்த விளக்கத்தை இயற்பியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1857-லேயே சொல்லிவிட்டார்.

எவ்வளவு வளையும் என்று அந்தப் பையனையே கணக்குப் போடச் சொன்னேன். வெயில் நாளில் 100 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு டிகிரி குறைகிறது என்று வைத்தால், ஒலியின் பாதை ஏறக்குறைய 58 கிலோமீட்டர் ஆரமுள்ள ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. இவ்வளவு பெரிய வட்டத்தில் வளைவா தெரியப்போகிறது என்று நினைப்போம். ஆனால் கிடைமட்டமாகக் கிளம்பிய ஒலி இரண்டு கிலோமீட்டரில் சுமார் 35 மீட்டர் மேலே போய்விடுகிறது. பத்து மாடிக்கு மேல். இன்ஜின் ஹாரன் தரையிலிருந்து நாலு மீட்டர், என் மாடியில் நிற்கும் காது பத்து மீட்டர் என்று எடுத்துக்கொண்டு போட்டால், 1,750 மீட்டரைத் தாண்டியதும் ஒலியின் நிழல், அதாவது ஒலி நேராக வந்து எட்டாத பகுதி, தொடங்குகிறது. இது வெப்பத்தால் மட்டும். 100 மீட்டர் உயரத்தில் கடல்காற்று தரையில் இருப்பதைவிட நொடிக்கு இரண்டு மீட்டர் வேகமாக வீசுகிறது என்பதையும் சேர்த்தால் நிழல் 800 மீட்டர் சொச்சத்திலேயே வந்துவிடுகிறது. என் வீடு அந்த நிழலுக்குள் நன்றாக உள்ளே இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் ஊதிய ஹாரன் எங்கள் தெருவைக் கடக்கத்தான் செய்கிறது. ஆனால் தலைக்கு மேலே 100 மீட்டரையும் தாண்டிய உயரத்தில், மாடியில் நிற்கும் யாருக்கும் எட்டாமல், கடலைப் பார்த்துப் போகிறது. இந்தக் கணக்கு முடிந்த அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாற்பது வருஷமாக நான் பார்த்த அதே வெறும் வானம்தான், அதில் ஒரு மேடு பள்ளம் இருப்பது அன்றைக்குத் தெரிந்தது.

ஒலியின் நிழல் முழு இருட்டு அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். காற்று கொந்தளிக்கும்போது கொஞ்சம் ஒலி சிதறிக் கீழே கசியும். அதனால் சில மத்தியானங்களில் ஒரு துணுக்கு மட்டும் கேட்டு மறையும்.

சித்திக்கும் இப்போது விடை கிடைத்துவிட்டது. வியாசர்பாடிக்குத் துறைமுகம் கிழக்கே. சாயங்காலக் கடல்காற்று கப்பலின் ஊதலோடு சேர்ந்தே மேற்கே போகிறது. மேல்பகுதி வேகம், ஒலி கீழே வளைந்து அவர் மாடியில் விழுகிறது. விடியலில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும் தரைக்காற்று எதிரே வந்துவிடுகிறது. கப்பல் ஹாரனுக்கு உலகளாவிய விதி ஒன்று இருக்கிறது. 200 மீட்டரோ அதற்கு மேலோ நீளமுள்ள கப்பலின் ஊதல் 70-லிருந்து 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும், இரண்டு கடல்மைல், அதாவது சுமார் 3.7 கிலோமீட்டர் கேட்க வேண்டும். 1972-ல் வகுத்த அதே விதியின் இணைப்பிலேயே, கேட்கும் தூரம் வானிலையைப் பொறுத்து மிகவும் மாறும் என்றும் எழுதியிருக்கிறார்கள். உயிரைக் காக்க வேண்டிய ஒலியைப் பற்றி இதைவிட நேர்மையாக எழுத முடியாது.

கோட்டைப் பீரங்கி

கேட்கும் தூரம் வானிலையோடு ஏன் மாறுகிறது என்பதில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1873-ல் இயற்பியலாளர் ஜான் டிண்டல் இங்கிலாந்தின் டோவர் அருகே, சவுத் ஃபோர்லாண்டில், பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதல்களைச் சோதித்தார். பனியில் ஒலி மங்கும் என்றுதான் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்டது வேறு. தெளிந்த, வெயிலடிக்கும் நாளில் ஊதல் சில மைலிலேயே செத்துப்போனது; பனிமூட்டத்தில் நெடுந்தூரம் கேட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒலி மேகங்கள் வெயில் நாளில் காற்றில் மிதந்து ஒலியைத் தடுக்கின்றன என்றார் டிண்டல். பொறியியல் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. வெப்பமும் காற்றும் உயரத்தோடு மாறுவதால் ஒலி வளைகிறது என்று 1874-ல் காட்டினார். எங்கள் மாடிக்கு ரெனால்ட்ஸின் விளக்கமே போதும். ஆனால் அந்த மத்தியானத் துணுக்குகளைக் கேட்கும்போது, கொந்தளிக்கும் காற்று ஒலியைச் சிதறடிக்கும் என்ற அளவில் டிண்டலும் ஒன்றைத் தொட்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன்.

இவர்களுக்கெல்லாம் ஐம்பது வருஷம் முன்னாலேயே நம் ஊரில் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. ஜான் கோல்டிங்காம், மெட்ராஸ் வானாய்வகத்தின் வானியலாளர். 1820, 1821-ல் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகச் சுடும் பீரங்கியின் வெளிச்சத்தை நுங்கம்பாக்கத்திலிருந்து பார்த்து, சத்தம் எத்தனை நொடியில் வருகிறது என்று அளந்தார். கோட்டை அங்கிருந்து நாலேகால் கிலோமீட்டர், மலை ஒன்பது கிலோமீட்டர். கூடவே வெப்பம், காற்றழுத்தம், ஈரப்பதம், காற்றின் நிலை எல்லாவற்றையும் குறித்துவைத்தார். அது 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. டிசம்பரில் நொடிக்கு 1,100 அடி வாக்கில், ஜூலையில் 1,160 அடிக்கும் மேல். வகுப்பில் இந்த எண்களைக் கொடுத்து, மெட்ராஸில் டிசம்பருக்கும் ஜூலைக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் இவ்வளவைத் தருமா என்று கேட்பேன். தராது. எட்டு டிகிரி என்று தாராளமாக வைத்தாலும் 16 அடிதான் வரும். மீதியைப் பருவக் காற்றிலும், கடிகாரம் பிடித்த கையிலும் தேட வேண்டும். பாடப்புத்தகத்தில் 'காற்றின் விளைவு' என்று இரண்டு வரி வருகிறது. அந்த இரண்டு வரியை நம் கோட்டைப் பீரங்கியை வைத்து நடத்தினால் எந்தப் பிள்ளை மறக்கும்? பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றைக்கும் நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் நிற்கிறது. இங்கேயிருந்து ஒரு பஸ் தூரம். ஒரு பள்ளியாவது பிள்ளைகளை அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

ரயிலோடு வருவது

போகி விடியலில் ரயில் அவ்வளவு தெளிவாக ஏன் கேட்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. தை பிறக்கும் நேரத்தில் இரவு நீளம், தரை நன்றாகக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கீழே, வெதுவெதுப்பான காற்று மேலே என்ற அடுக்கு கெட்டியாக அமைகிறது. அந்த அடுக்கு ஒலியை மட்டுமா கீழே வைத்துக்கொள்ளும்? நாம் கொளுத்தும் பழைய டயரின் புகை, குப்பைப் புகை எதுவும் மேலே போக முடியாமல் தெருவிலேயே நிற்கிறது. சில வருஷங்களில் விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப்போனதும் அந்தக் காலையில்தான்.

மற்ற நாட்களிலும் இது உண்டு. விடியற்காலையில் ரயில் பளிச்சென்று கேட்கும் நாட்களில் மூக்கும் எரியும். மணலிப் பக்கத்து ஆலைகளின் நாற்றம், குப்பைக் கிடங்கின் நாற்றம் எல்லாம் தரைக்காற்றோடு அந்த நேரத்தில்தான் இறங்குகிறது. "இந்த நாத்தம் மத்தியானத்துல வர்றதில்லையே, அப்போ அவங்க ராத்திரியிலதான் தொறந்து விடுறாங்க," என்று எங்கள் தெருவில் உறுதியாகச் சொல்வார்கள். சிலநேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நாள் முழுக்க ஒரே அளவு புகையை விட்டால்கூட விடியற்காலையில்தான் நமக்கு அதிகமாக வந்து சேரும். ஆகவே காற்றை அளக்க வருகிறவர்கள் பகல் பதினொன்றுக்குக் கருவியோடு வந்து, அளந்து, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனால் எனக்குக் கோபம் வருகிறது. விடியற்காலை ஐந்துக்கு வாருங்கள். ரயில் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டு அளவை எடுங்கள்.

இத்தனைக்கும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. மத்தியானத்தில் வெப்பமும் கடல்காற்றும் ஒரே பக்கமாக, மேலே, வளைக்கின்றன. விடியலில் இரண்டும் சேர்ந்து கீழே வளைக்கின்றன. இரண்டில் யார் கை ஓங்கியது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. மே கடைசியில் சில நாள் மேற்குக் காற்று பலமாக அடித்து, கடல்காற்றை நாலு மணி வரை உள்ளே விடாது. அன்றைக்குத்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த மத்தியானத்தில் வெப்பம் ஒலியை மேலே வளைக்கும், காற்று கீழே வளைக்கும். காற்றின் வித்தியாசத்துக்கு எங்கள் கணக்கில் மூன்று மடங்கு பலம். ஆகவே உச்சி வெயிலில் ரயில் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தோம். அப்படி ஒரு நாள் வாய்த்தது, பொதுமுடக்கம் முடிந்து லாரிகள் எல்லாம் திரும்பி வந்தபிறகு. பகல் ஒன்றரை மணி, அனல் காற்று, கீழே ரோட்டில் முழு இரைச்சல். போனில் ஊதியது, ஆறாவது நொடியில் மேற்கேயிருந்தும் வந்தது. சித்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அன்றைக்கு அந்திவரை அவருக்குக் கப்பல் கேட்கவில்லை.

அந்தப் பையன் இப்போது இன்ஜினியரிங் படிக்கிறான், சோதனையை விடவில்லை. அடுத்தது வாடைக்காற்று. ஐப்பசிக்கு மேல் வடக்கேயிருந்து காற்று நிலைத்து அடிக்கும்போது திருவொற்றியூர் ஸ்டேஷனில் ஊதுவது பகலிலேயே தண்டையார்பேட்டைக்குக் கேட்க வேண்டும். ராயபுரத்தில் ஊதுவது எங்களுக்கு மங்க வேண்டும். திருவொற்றியூரில் ஒரு மாடி கிடைத்துவிட்டது. ராயபுரத்தில் தண்டவாளத்துக்குப் பக்கமாக வீடும் கொஞ்சம் பொறுமையும் உள்ள ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.